ஒரு யன்னலுக்கு நூறு டொலர்

புரட்டாதி பிறந்து ரொறன்ரோவில் இலைகள் நிறம் மாறத் தொடங்கினால் எங்கள் ஆட்களிடையே யன்னல் கதையும் தொடங்கிவிடும். கோயில் அன்னதான வரிசையிலோ, பிறந்தநாள் கொண்டாட்டம் முடிந்து கார் தரிப்பிடத்தில் நின்று கதைக்கும்போதோ, யாராவது ஒருவர் "நீங்கள் இன்னும் மாத்தேல்லையோ? அரசாங்கம் காசு தருதெல்லோ" என்று கேட்பார். எந்த அரசாங்கம், எவ்வளவு, எதற்காக என்றெல்லாம் அந்த இடத்தில் யாரும் கேட்பதில்லை. மத்திய அரசின் கிரீனர் ஹோம்ஸ் உதவித்தொகை 2021 மே மாதம் தொடங்கி 2024 பெப்ரவரியில் புதிய விண்ணப்பங்களுக்கு மூடப்பட்டதும், அதற்குப் பிறகு 2025 ஜனவரி 28 அன்று ஒன்ராறியோ மாகாணத்தின் ஹோம் ரெனொவேஷன் சேவிங்ஸ் திட்டம் வந்ததும், எங்கள் ஊர்க் கதையில் ஒன்றாகக் கலந்துபோய் "அந்த யன்னல் காசு" என்றே நிற்கின்றன. காசு தருகிறார்கள் என்றால் வாங்குவதுதானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நானும் இருந்தேன். எங்கள் பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருக்கும் பெடியன் கேட்ட ஒரு கேள்வி அந்த எண்ணத்தைக் குழப்பிவிட்டது. அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் ஒரு முடிவுக்கு வர எனக்கு நிறைய நாள் எடுத்தது.

எங்களுடையது ஸ்காபரோவில் எழுபதுகளில் கட்டிய செங்கல் வீடு. அலுமினியச் சட்டத்தில் பக்கவாட்டில் இழுத்துத் திறக்கும் யன்னல்கள். தை மாதத்தில் வெளியே மைனஸ் இருபதுக்குப் போகும் இரவுகளில் சட்டத்தின் உட்பக்கத்திலேயே பனி படியும். அலுமினியத்துக்கு வெப்பத்தைக் கடத்துவதில் தயவு தாட்சணியம் கிடையாது. எங்கள் சமையலும் லேசுப்பட்டதல்ல: சோறு வடிக்கிற ஆவி, பருப்பு கொதிக்கிற ஆவி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக் கறி இரண்டு மணித்தியாலம் கொதிக்கிற ஆவி எல்லாம் கடைசியில் குளிர்ந்த கண்ணாடியில் போய்த்தான் தண்ணீராகும். காலையில் யன்னல் அடிப்பலகையில் தேங்கி நிற்கும். துடைக்காமல் விட்டால் மூலையில் பூஞ்சணம் கறுப்புப் புள்ளி போடும். மனைவி அதற்கென்றே ஒரு பழைய துவாயை யன்னலடியில் நிரந்தரமாக வைத்திருந்தார். ஆகவே யன்னல் மாற்ற வேண்டும் என்பதில் வீட்டில் இரண்டாவது கருத்து இருக்கவில்லை.

கதவைத் தட்டிக்கொண்டு வந்தவரும் தமிழ்த் தம்பிதான். ஒன்ராறியோவில் வீடு வீடாகப் போய், வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ், குளிரூட்டி, தண்ணீர் ஹீற்றர் விற்பதை 2018 மார்ச்சிலிருந்து தடை செய்துவிட்டார்கள். அந்தத் தடைப் பட்டியலில் யன்னல் இல்லை. அதனால் முன்பு ஹீற்றர் விற்றவர்களில் சிலர் இப்போது யன்னல் விற்கிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. தம்பி நல்ல மரியாதையாகக் கதைத்தார். கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு பக்கத்தில் சூடான விளக்கைப் பிடித்து, மறுபக்கத்தில் என் கையை வைக்கச் சொன்னார். சூடு வரவில்லை. அந்த வித்தைக்குப் பின்னால் இருப்பது உண்மையான விஞ்ஞானம்தான். கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய வெள்ளிப் படலம் பூசுகிறார்கள். வெளிச்சத்தை ஊடுருவ விட்டு வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பும் அந்தப் படலம், எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடிக் காலத்தில் கலிபோர்னியாவின் லோரன்ஸ் பெர்க்லி ஆய்வுகூடத்தினர் அமெரிக்க அரசின் பணத்தில் வளர்த்தெடுத்த ஆராய்ச்சியால் சந்தைக்கு வந்தது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் ஆர்கன் வாயுவை அடைப்பதும் அதே நோக்கத்துக்குத்தான். தம்பி எல்லாவற்றையும் வடிவாகச் சொன்னார். வேலை தொடங்குவதற்கு முன்பே பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் வந்து வீட்டைப் பரிசோதித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரிபேற், அதாவது திருப்பித் தரும் காசு, ஒரு சதமும் வராது என்பதை மட்டும் சொல்லவில்லை. "இண்டைக்கே கையெழுத்து வைச்சால்தான் இந்த விலை அண்ணை" என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை, அதன் பிரதி கைக்கு வந்து பத்து நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்ய இங்கே சட்டம் இடம் தருகிறது. இதை எங்கள் ஆட்களில் பலர் அறிவதில்லை, அறிந்தாலும் முகத்துக்காகச் செய்வதில்லை. நான் கையெழுத்து வைக்கவில்லை. தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

பத்து யன்னலுக்கு அவர் சொன்ன விலை 14,000 டொலர். அதற்கு மேல் 13 வீதம் எச்எஸ்ரி வரி, அதாவது 1,820 டொலர். ஒன்ராறியோத் திட்டத்தில் யன்னலுக்குக் கிடைப்பது ஒரு துவாரத்துக்கு 100 டொலர். யன்னலைக் கழற்றிய பிறகு சுவரில் தெரியும் ஓட்டைதான் கணக்கு. அதற்குள் இரண்டு கண்ணாடி இருந்தாலும் மூன்று இருந்தாலும், குளியலறைக் குட்டி யன்னலாக இருந்தாலும் முன் வரவேற்பறையின் பெரிய யன்னலாக இருந்தாலும் ஒன்றுதான். பத்து ஓட்டைக்கு 1,000 டொலர். கட்டுகிற வரியை விடவும் குறைவு! ஒரு கையால் 1,820 வாங்கிக்கொண்டு மறு கையால் ஆயிரம் தருவதற்கா இவ்வளவு ஆரவாரம் என்று நான் சொன்னபோது மச்சானுக்குக் கோபம் வந்தது. "சும்மா வாற காசு, அதிலயும் பிழை பிடிக்கிறாய்" என்றான். மத்திய அரசின் பழைய திட்டமும் பெரிதாக அள்ளிக் கொடுக்கவில்லை. எரிசக்திச் சிக்கனத்துக்கான எனர்ஜி ஸ்டார் தரமுள்ள யன்னலுக்கு 125, அதிலும் உயர்தரமானதற்கு 250 டொலர். அதே திட்டம் கூரைக்கடியில் இன்சுலேஷன் போடுவதற்கு 1,800 டொலர் வரை கொடுத்தது. எதை முதலில் செய்ய வேண்டும் என்று அந்தத் தொகைகளே சொல்லிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் கூரைக்குள் போட்ட பஞ்சை விருந்தாளிக்குக் காட்ட முடியாது, வானொலியில் விளம்பரம் செய்து விற்கவும் லாபம் போதாது.

வீட்டைச் சூடாக்கும் காஸுக்கான பில் எவ்வளவு குறையும் என்பதையும் ஓர் இரவு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். யன்னலின் வழியாக வெப்பம் போகும் வேகத்தை யு-எண் என்று சொல்வார்கள். பூச்சு இல்லாத பழைய இரட்டைக் கண்ணாடிக்கு அது ஏறத்தாழ 2.8. கனடாவில் எனர்ஜி ஸ்டார் முத்திரை வாங்க 1.22க்கு மேல் போகக் கூடாது, அல்லது வெயிலால் வரும் சூட்டையும் சேர்த்துக் கணக்கிடும் ஈஆர் எண் 34க்குக் குறையக் கூடாது. வித்தியாசம் 1.6 என்று வைப்போம். ரொறன்ரோவின் குளிரை அளக்கும் டிகிரி-நாள் கணக்கு ஆண்டுக்கு 3,500க்கும் 4,000க்கும் இடையில் வரும். நான் 3,600 என்று எடுத்தேன். பெருக்கினால் ஒரு சதுர மீற்றர் கண்ணாடிக்கு ஆண்டுக்குச் சுமார் 138 கிலோவாற் மணி மிச்சம். எங்கள் வீட்டில் எல்லா யன்னலும் சேர்த்து 15 சதுர மீற்றர் என்றால் 2,000 சொச்சம். அதைக் காஸாக மாற்றினால் 200 கனமீற்றரைக் கொஞ்சம் தாண்டும். கனமீற்றருக்கு 40 சதம் என்று தாராளமாக வைத்தாலும் ஆண்டுக்கு எண்பத்துச் சொச்சம் டொலர். காற்றுக் கசிவு குறைவதையும் கோடையில் குளிரூட்டி குறைவாக ஓடுவதையும் சேர்த்து அதை இரட்டிப்பாக்கினாலும், 14,000 திரும்பி வருவதைப் பார்க்க என் பேரப்பிள்ளைகளும் முதுமை அடைய வேண்டும். 2025 ஏப்ரல் முதலாம் திகதி காஸ் பில்லிலிருந்த காபன் கட்டணத்தையும் எடுத்துவிட்டார்கள். கனமீற்றருக்கு 15 சதத்துக்கு மேல் இருந்தது அது. பில் இறங்கியதில் எல்லோருக்கும் சந்தோசம், யன்னல் கணக்கு மட்டும் இன்னும் மோசமாகியது.

அப்படியானால் யன்னல் மாற்றுவது வீண் என்று சொல்ல வருகிறேனா? இல்லை. குளிர்ந்த கண்ணாடிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தால், அறையின் வெப்பநிலை 21 என்று சுவரிலிருக்கும் கருவி காட்டினாலும் தோள் குளிரும். உடம்பின் சூட்டைக் கண்ணாடி இழுத்துக்கொள்ளும். அது நின்றுபோனால் கிடைக்கும் சுகத்துக்கு விலை போட முடியாது. தண்ணீர் வழியாது, துவாய் தேவையில்லை, 401 நெடுஞ்சாலையின் இரைச்சலும் கொஞ்சம் அடங்கும். அதற்காக மாற்றுங்கள். பில்லுக்காக மாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு மாற்றாதீர்கள், அவ்வளவுதான். யன்னல் வழியே 35 வீத வெப்பம் போகிறது என்று விற்பனைக்காரர்கள் சொல்லும்போது, அந்த எண்ணுக்குப் பின்னால் "வரை" என்றொரு சொல் விழுந்துபோவதையும் கவனியுங்கள்.

ஊதுவத்தி

பரிசோதனைக்கு வந்தவர் அதிகம் கதைக்காத மனிதர். ரிபேற் வேண்டுமானால் வேலைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை எனர்கைட் எனப்படும் எரிசக்தி மதிப்பீடு செய்தாக வேண்டும். செலவில் 600 டொலர் வரை அவர்களே திருப்பித் தருகிறார்கள். பேஸ்மென்ற்றுக்குள்ளும் போக வேண்டும் என்பதால் வாடகைக்கு இருக்கும் தம்பிக்கு முதல்நாளே எழுத்தில் அறிவித்திருந்தேன். இங்கே சட்டப்படி 24 மணித்தியால அறிவித்தல் கொடுக்க வேண்டும். தம்பி திருச்சிப் பக்கம், கொலிஜ்ஜில் கணக்கியல் படிக்கிறார், இரவில் ஒரு கிட்டங்கியில் வேலை. தூக்கக் கண்ணோடு எழுந்து வந்து, தானும் பார்க்கலாமா என்று கேட்டார்.

வந்தவர் முதலில் ஃபேர்னஸை நிறுத்தினார், தண்ணீர் ஹீற்றரை இறக்கினார், எல்லா யன்னலும் பூட்டியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு முன்கதவைத் திறந்துவிட்டு அந்த நிலையில் ஒரு சட்டத்தை இறுக்கி, சிவப்பு நைலோன் துணியைக் கட்டி, அடியில் பெரிய விசிறி ஒன்றைப் பொருத்தினார். விசிறி வீட்டுக் காற்றை வெளியே இழுக்கும். உள்ளே அழுத்தம் 50 பாஸ்கல் இறங்கும்வரை வேகத்தைக் கூட்டுவார். நாலு பக்கமும் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் காற்றடித்தால் வீடு எப்படிக் கசியுமோ, ஏறத்தாழ அந்த நிலை. விசிறி இரைய இரைய வீட்டின் ஓட்டைகள் எல்லாம் வாய் திறந்தன. பல்லி கூட இல்லாத சுவரில் இவ்வளவு ஓட்டை எங்கிருந்து வந்தது என்று மனைவி கேட்டார். வந்தவர் புகை விடும் சின்னக் குழாய் ஒன்றைக் கையில் வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் மனைவி சாமியறைக்குப் போய் ஊதுவத்தி இரண்டைக் கொளுத்திக்கொண்டு வந்தார். ஒன்று அவரிடம், மற்றது தம்பியிடம்.

முன் யன்னலில் புகை உள்ளே சாய்ந்தது. எதிர்பார்த்ததுதான். ஆனால் மேல்மாடி ஓடையில், கூரைக்குள் ஏறும் மூடியின் விளிம்பில் அதைவிட மோசமாக ஆடியது. வெளிச்சுவரிலுள்ள பிளக் பொயின்ற் ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய கீற்றாக அறைக்குள் வந்தது. பிறகு பேஸ்மென்ற்றுக்கு இறங்கினோம். அங்கே கொங்கிறீற் சுவர் முடிந்து அதற்கு மேலுள்ள தளத்தின் மரச்சட்டம் தொடங்கும் இடம் ஒன்று இருக்கிறது. கூரைப்பலகை ஒன்றைத் தூக்கினால்தான் தெரியும். ஐம்பது வருடத்துக்கு முன் யாரோ ரோசா நிறக் கண்ணாடிப் பஞ்சைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். பஞ்சு முழுக்கக் கறுப்பு. அழுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். "இல்லை, அது காற்றை வடிகட்டியிருக்கிறது. இவ்வளவு வருசமும் இதற்குள்ளால் காற்று வந்திருக்கிறது" என்றார் அவர். தம்பி ஊதுவத்தியைக் கிட்டப் பிடித்தார். புகை எழும்பவே இல்லை, படுத்துக்கொண்டு அவருடைய கட்டில் பக்கமாக ஓடியது.

அப்போது அந்த மனிதர் விளக்கியதுதான் எனக்கு இந்த முழு விவகாரத்தின் திருப்பம். குளிர்காலத்தில் சூடான காற்று மேலே போய்க் கூரை மூடியாலும் மேல்மாடி ஓட்டைகளாலும் வெளியேறும். வெளியேறிய அளவுக்குக் காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். அது கீழ்த்தட்டால்தான் வரும். மேலே எவ்வளவு கசிகிறதோ அவ்வளவுக்குக் கீழே குளிர் இழுபடும். யன்னலை மட்டும் மாற்றிவிட்டு இதை விடுவது, தொப்பி இல்லாமல் வெளியே போகிறவன் புதுக் கையுறை வாங்கின மாதிரி. தம்பி பேஸ்மென்ற்றில் 1,500 வாற் ஹீற்றர் ஒன்றை ஓட்டுவது எனக்கு முன்பே தெரியும். ஹைட்ரோ என்று இங்கே சொல்லும் மின்சாரப் பில்லைப் பார்த்து மனதுக்குள் முணுமுணுத்தும் இருக்கிறேன். அவர் என் வீட்டின் கூரை மூடியில் இருக்கும் ஓட்டைக்குத்தான் அந்த ஹீற்றரை ஓட்டிக்கொண்டிருந்தார்.

யாருடைய பில்லில் யாருடைய யன்னல்

மதிப்பீட்டாளர் தன் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் தம்பி என்னைக் கேட்டார். "அண்ணா, இந்த ரிபேட் காசு எங்கிருந்து வருது? கவர்மென்ட் டாக்ஸ்லருந்தா?" இல்லை, இது காஸ் கொம்பனியும் மாகாண மின்சார அமைப்பும் சேர்ந்து தருவது என்றேன். "அப்போ நாங்க கட்டுற பில்லுலயும் அந்தக் காசு இருக்குமே?" கணக்கியல் படிக்கிற பிள்ளை. குற்றம் சாட்டுகிற குரலே இல்லை, பாடப் புத்தகத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரித்தான் கேட்டார்.

இருக்கிறது. காஸ் சேமிப்புத் திட்டங்களுக்குக் காஸ் கொம்பனியான என்பிரிட்ஜ் செலவழிக்கும் தொகையை ஒன்ராறியோ எரிசக்தி வாரியம் அங்கீகரிக்கும், பிறகு அது எல்லா வாடிக்கையாளரின் கட்டணத்துக்குள்ளும் கரைந்துவிடும். மின்சாரப் பக்கத்துச் செலவும் அப்படியே மின்சார விலைக்குள் போகும். 2025 ஜனவரியில் மாகாண அரசு 12 ஆண்டுகளுக்கு 10.9 பில்லியன் டொலர் என்று அறிவித்தது அந்தக் கணக்குத்தான். பில்லில் தனி வரியாக இராது, அதனால் யாரும் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் ஏற்பாடு ஸ்காபரோ வழக்கப்படி: வாடகை தனி, பில்லில் 30 வீதம் கீழே இருப்பவர். எனவே அந்தச் செலவில் என் வீட்டுக்கு விழும் பங்கில் 30 வீதத்தைத் தம்பி கட்டுகிறார். விண்ணப்பிக்கும் உரிமை வீட்டுச் சொந்தக்காரனாகிய எனக்கு. காசோலை என் பெயருக்கு. முன் வரவேற்பறையில் புது யன்னல், வீட்டின் விலையும் கொஞ்சம் கூடும், அதுவும் எனக்கு.

இதற்கு மறுவாதம் உண்டு, லேசானதும் அல்ல. எண்பதுகளில் அமெரிக்காவின் அமோரி லோவின்ஸ் "நெகாவாற்" என்று ஒன்றைப் பிரபலப்படுத்தினார். சேமிக்கிற ஒரு வாற்றும் உற்பத்தி செய்கிற ஒரு வாற்றும் ஒன்றுதான், சேமிப்பது மலிவென்றால் அதற்கே காசு கொடு என்பது அவரது வாதம். புது மின்நிலையம் கட்டினால் அந்தச் செலவும் எல்லோர் பில்லிலும்தான் விழும். ஒன்ராறியோவின் மின்தேவை 2050க்குள் 75 வீதம் கூடும் என்று மாகாண மின்சார அமைப்பே 2024இல் கணித்தது. பக்கத்து வீட்டுக்காரன் மின்சாரத்தை மிச்சம் பிடித்தால் எனக்கும் நன்மை, ஆகவே அவனுக்கு என் பில்லிலிருந்து கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. கோடையில் எல்லோரும் ஒரே நேரத்தில் குளிரூட்டியைப் போடும் ரொறன்ரோவுக்கு இது பொருந்தும். ஆனால் காஸில் சூடாகும் வீட்டில், ஆண்டுக்கு எண்பது டொலர் மிச்சப்படுத்தும் யன்னலுக்கு இந்த வாதத்தை நீட்டினால் இழை அறுந்துவிடுகிறது. நூறு டொலரைப் பார்த்து யாரும் 14,000 டொலர் முடிவை எடுப்பதில்லை. ஏற்கெனவே மாற்ற முடிவெடுத்தவர்தான் விண்ணப்பிக்கிறார். கையில் காசோ வீட்டின் மேல் கடன் வாங்கும் வசதியோ உள்ளவருக்கு ஒரு சின்ன அன்பளிப்பு, அவ்வளவே. மச்சான் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "ரோட்டுக்கும் எல்லாரும்தான் வரி கட்டினம், கார் இல்லாதவன் கேக்கிறானோ?" என்றான். கேட்கிறார்கள், நீ பஸ்ஸில் போனால் கேட்கும் என்றேன். அதோடு அன்றைய சாப்பாடு கொஞ்சம் மௌனமாக முடிந்தது.

ரொறன்ரோ நகரில் ஏறத்தாழப் பாதிக் குடும்பங்கள் வாடகை வீட்டில் இருப்பவை. எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் வந்து இறங்கியது வெல்லெஸ்லி வீதியின் செயின்ற் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடங்களில். அங்கே யன்னல் இடுக்கில் பழைய சேலையைக் கிழித்துச் செருகிக் குளிர்காலம் கழித்தவர்கள்தான் இன்று மார்க்கம், ஏஜாக்ஸ் புறநகரங்களில் ரிபேற் கதை கதைக்கிறோம். அப்படியான பழைய கட்டடத்தில் யன்னலைச் சொந்தக்காரர் மாற்றினால், எரிசக்திச் சேமிப்புக்கான மூலதனச் செலவு என்று காட்டி, வழக்கமான வாடகை உயர்வுக்கு மேல் ஆண்டுக்கு 3 வீதம் வரை கேட்டு விண்ணப்பிக்கலாம். கிடைத்த உதவித்தொகையைக் கழித்துவிட வேண்டும் என்ற நிபந்தனை உண்டு என்பது ஓர் ஆறுதல். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக இன்சுலேஷன் போட்டு, கசிவை அடைத்துக் கொடுக்கும் திட்டங்களையும் இதே நிறுவனங்கள் நடத்துகின்றன. ஹோம் வின்ரர்புரூஃபிங் என்பது காஸ் பக்கத்தினுடையது, எனர்ஜி அஃபோர்டபிலிற்றி புரோகிராம் மின்சாரப் பக்கத்தினுடையது. வாடகைக்கு இருப்பவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் பில் அவர் பெயரில் இருக்க வேண்டும் என்ற இடத்தில் ஸ்காபரோ பேஸ்மென்ற் வாசிகள் கூட்டமாக விழுந்துவிடுகிறார்கள். பில் என் பெயரில். தம்பியின் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை. வரிசையில் நிற்கிறவரைத் தேடுகிற திட்டங்களுக்கு, கதவே வேறு பக்கத்தில் இருக்கிறவர் தெரிவதில்லை.

அரசுகள் இப்படிக் காசு கொடுத்து வீட்டைத் திருத்தச் சொல்வது கனடாவுக்குப் புதிதல்ல, எப்போதும் நன்றாக முடிந்ததும் அல்ல. 1977இல் இன்சுலேஷனுக்கு உதவித்தொகை கொடுத்தார்கள். சுவருக்குள் பாய்ச்சும் யூரியா ஃபோமல்டிஹைட் நுரை மலிவாக இருந்ததால் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் அது ஏறியது. 1980 டிசம்பரில் அதையே உடல்நலத்துக்குக் கேடு என்று தடை செய்தார்கள். ஒன்ராறியோவில் வீடு வாங்கியவர்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள், அந்த நுரையைக் குறிக்கும் யூஃபி என்று ஒரு பந்தி இன்னும் கிடக்கும். எங்கள் ஆட்கள் கையெழுத்து வைக்கும்போது அதற்கு அர்த்தம் கேட்பதில்லை, வீட்டு முகவரும் சொல்வதில்லை. யன்னலில் அப்படியொரு ஆபத்து இல்லை. காசு எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம் ஊர் திரும்பும் என்பதற்காகச் சொல்கிறேன்.

என்னைக் கேட்டால் யன்னலுக்கான நூறு டொலரை நிறுத்திவிட்டு, அந்த விசிறிப் பரிசோதனையை எல்லோருக்கும் முழு இலவசமாக்கலாம். வாடகைக்கு இருப்பவர் கேட்டாலும் வந்து செய்ய வேண்டும். முன்னும் பின்னும் அளந்து, கசிவு எவ்வளவு குறைந்ததோ அதற்குக் காசு கொடுக்கட்டும். மத்திய அரசின் பழைய திட்டத்தில் காற்றடைப்புக்கு ஓரளவு அப்படித்தான் இருந்தது. இலக்கை எவ்வளவு தாண்டினாயோ அதற்கேற்ப 550இலிருந்து 1,000 டொலர் வரை. ஓட்டையை எண்ணிக் கொடுப்பதை விட அது எவ்வளவோ நேர்மையான கணக்கு. இதில் யன்னல் கொம்பனிகளுக்குச் சந்தோசம் இராது என்பது தெரிந்ததுதான்.

எங்கள் வீட்டில் முதலில் நடந்தது கூரை மூடிக்கு ரப்பர் விளிம்பு ஒட்டியது. பிறகு அந்தக் கறுத்த பஞ்சை இழுத்தெடுத்துவிட்டு, விறைப்பான நுரைப் பலகையை ஒவ்வொரு மரச்சட்டத்துக்கும் நடுவில் அளவாக வெட்டிச் செருகி, சுற்றிவர நுரை அடித்தோம். ஒரு சனிக்கிழமை வேலை, யன்னல் ஒன்றின் விலைகூட ஆகவில்லை. தம்பியும் கூட நின்றார். அவரிடம் கூலி வாங்குகிறீரா என்று கேட்டேன், பில்லில் கழித்துக்கொள்ளுங்கள் என்றார். மூன்று மாதப் பில்லை நானே கட்டுவதாக ஏற்பாடு. அதற்குப் பிறகும் 30 வீதம் என்பதைக் குறைக்க வேண்டுமா என்று மனைவியோடு இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிறோம். மனைவி இருபது என்கிறார், நான் இருபத்தைந்து என்கிறேன்.

மிச்சமிருப்பது அவருடைய அறை யன்னல். தலைகூட நுழையாத ஒரு நீளத் துண்டு. தீ பிடித்தால் ஆள் வெளியேற, திறக்கும் இடைவெளி குறைந்தது 0.35 சதுர மீற்றர் இருக்க வேண்டும், எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது என்பது கட்டட விதி. அதற்குக் கொங்கிறீற்றை வெட்ட வேண்டும், வெளியே மண் தோண்டித் தொட்டி வைக்க வேண்டும், நகரசபை அனுமதியும் வேண்டும். மேலே மூன்று யன்னல் மாற்றும் காசு அந்த ஒன்றுக்கே போகும். நூறு டொலர் வந்தாலும் வராவிட்டாலும் அதைத்தான் முதலில் செய்வது என்று முடிவெடுத்து, வரைபடத்தை நகரசபைக்குக் கொடுத்திருக்கிறோம். முன் வரவேற்பறை யன்னல் அடுத்த வருடம். அதுவரை துவாய் அங்கேதான் கிடக்கும், மச்சான் வரும்போதெல்லாம் அதைப் பார்த்து ஏதாவது சொல்லட்டும்.